குரல் நின்றால் என்ன செய்வீர்கள்? பார்வையற்றவருக்கு லினக்ஸா, விண்டோஸா

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு எனக்கு வரும் குரல்பதிவுகளில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "சார், லேப்டாப் பழசு. விண்டோஸ் 11 ஏறாதுன்னுட்டாங்க. லினக்ஸ் போட்டுக்கோன்னு தம்பி சொல்றான். ஓர்கா நல்லாப் பேசுமா சார்?"

ஓர்கா என்பது, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில் திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள், அதாவது ஸ்க்ரீன் ரீடர். பேசும், நன்றாகவே பேசும். ஆனால் அது பேசாமல் போகிற ஒரு நாளும் வரும். அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது.

எனக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும். அலுவலகத்தில் விண்டோஸும் அதற்கான ஸ்க்ரீன் ரீடரான என்.வி.டி.ஏ.வும், வீட்டில் டெபியன் என்ற லினக்ஸ் வினியோகமும் (நிறுவத் தயாராகக் கட்டித் தரப்படும் லினக்ஸ்) ஓர்காவும் என்று பல வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டிலும் திட்டியிருக்கிறேன், இரண்டிலும் சம்பாதித்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அப்டேட் போட்டுவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன். அதன் பிறகு குரல் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். "மாமா, எல்லாம் கறுப்பா இருக்கு. மேல ஒரு கோடு மட்டும் மின்னுது" என்றான். அவனுக்குத் தெரிந்த அந்தக் கோடு பெரிய செய்தி: மெஷின் உயிரோடு இருக்கிறது, டெஸ்க்டாப் மட்டும் வரவில்லை. எனக்கோ மெஷின் அணைந்து போயிருக்கலாம், சவுண்டு டிரைவர் விழுந்திருக்கலாம், ஸ்க்ரீன் ரீடர் மட்டும் செத்திருக்கலாம், பாதி வழியில் ஏதாவது கேட்டுக்கொண்டு நிற்கலாம். நான்கு நோய்க்கும் ஒரே அறிகுறி, அமைதி.

அதனால் என் முதல் அளவுகோல் இது: குரல் நின்றால், பார்வையுள்ள ஒருவர் உதவியில்லாமல் அதை எழுப்ப எத்தனை வழி இருக்கிறது? வேகம், இலவசம், கொள்கை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, தனியாக நிறுவ முடியுமா. மூன்றாவது தமிழ்: கேட்கவும் தட்டவும். நான்காவது பிழைப்பு: உங்கள் வேலை எந்த மென்பொருளில் நடக்கிறது. ஐந்தாவது, மாட்டிக்கொண்டால் போன் போட ஊரில் ஆள் உண்டா. குறைபார்வை உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

## விண்டோஸும் என்.வி.டி.ஏ.வும்

லினக்ஸுக்கு வருகிற பலர் "அது இலவசம், திறமூலம்" என்று தொடங்குகிறார்கள். என்.வி.டி.ஏ.வும் அப்படித்தான். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கினார், ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார், இருவரும் பார்வையற்றவர்கள். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் வெளியாகும் அதே ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்தில்தான் அதுவும் வருகிறது. ஆக, இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் வீடு மாற வேண்டியதில்லை.

என் முதல் அளவுகோலில் விண்டோஸ்தான் முந்துகிறது. என்.வி.டி.ஏ. நின்றால் கண்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்துத் தட்டினால் எழுந்துகொள்ளும். எழவில்லையா? விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் தட்டினால் விண்டோஸோடே வரும் இன்னொரு ஸ்க்ரீன் ரீடரான நேரேட்டர் பேசும். ஒன்றையொன்று சாராத இரண்டு குரல்கள் எப்போதும் கைவசம். விண்டோஸைப் புதிதாக நிறுவும்போதும் இந்த நேரேட்டர் துணைக்கு வரும். 2025.1 பதிப்பிலிருந்து என்.வி.டி.ஏ.வுக்குள்ளேயே தொலைநிலை அணுகல் வந்துவிட்டது. திருநெல்வேலியில் இருக்கும் நண்பர் சென்னையில் இருக்கும் என் மெஷினின் பேச்சைத் தன் காதில் கேட்டுக்கொண்டே அதைச் சரிசெய்யலாம். லினக்ஸில் எஸ்.எஸ்.எச். என்ற தொலை இணைப்பு வழியாக, கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் முனையத்துக்குள் நுழையலாம். டெஸ்க்டாப்பின் பேச்சை இப்படி நண்பருக்குக் கடத்தும் வசதி ஓர்காவோடு சேர்ந்து வருவதில்லை.

மறைமுகச் செலவு இரண்டு. முதலாவது மெஷின். விண்டோஸ் 11 கேட்பது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு மேல். பழைய லேப்டாப் ஓரம் கட்டப்படும். உடனே வாங்க முடியாதவர்கள் கவனிக்க: தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துக்கொள்ளும் வழியை மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது, மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும். அவசரப்பட்டு ஒரே வாரத்தில் முடிவெடுக்க வேண்டாம் என்று சொல்லத்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

இரண்டாவது, கள்ளப் பிரதிகள். விண்டோஸுக்கான இன்னொரு ஸ்க்ரீன் ரீடரான ஜாஸின் விலை அதிகம் என்பதால் கிராக் செய்த ஜாஸைக் கடைக்காரர் போட்டுக்கொடுப்பார். ஒரு அப்டேட்டில் அது வாயை மூடிக்கொள்ளும். உரிமம் இல்லாத ஜாஸை நேர்மையாக ஓட்டினால் 40 நிமிடம் பேசும், பிறகு மெஷினை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அலுவலகம் வாங்கிக் கொடுத்தால் ஜாஸ் அருமையான கருவி. சொந்தக் காசு என்றால் என்.வி.டி.ஏ. போதும்.

## டெபியன், மாத்தே, ஓர்கா

லினக்ஸ்தான் என்று முடிவு செய்தவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இந்தக் கூட்டணியை.

காரணம் நிறுவும் முறை. டெபியன் இன்ஸ்டாலர் பூட் ஆகி மெனு வந்ததும் 'பீப்' ஒலிக்கும். 'எஸ்' தட்டி என்டர் கொடுத்தால் ஈ-ஸ்பீக் என்ற பேச்சு மென்பொருள் பேசத் தொடங்கும். ஒவ்வொரு கேள்விக்கும் பதில்களை எண் போட்டு வாசிக்கும். எண்ணைத் தட்டி என்டர், அவ்வளவுதான். மவுஸும் ஜன்னலும் குறுக்கே வராது. நிறுவி முடித்து முதல்முறை டெஸ்க்டாப் வரும்போதே ஓர்கா பேசும். நான் முதன்முதலாக யாருடைய கண்ணையும் கடன் வாங்காமல் ஒரு முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தை நிறுவியது இப்படித்தான். அன்றைக்கு வீட்டில் இருந்த யாருக்கும் அதன் மகிழ்ச்சி புரியவில்லை. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் வைஃபை, சவுண்டுக்குத் தேவைப்படும் திறமூலமல்லாத ஃபர்ம்வேரும் (சாதனங்களுக்கான உள் மென்பொருள்) இன்ஸ்டாலரிலேயே சேர்ந்து வருவதால் பாதித் தலைவலி தீர்ந்தது. 2025 ஆகஸ்டில் வந்தது 13. இதற்கு 32-பிட் இன்ஸ்டாலர் கிடையாது. மிகப் பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் பதிவிறக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்தே என்பது க்னோம் 2 என்ற பழைய லினக்ஸ் டெஸ்க்டாப்பின் தொடர்ச்சி. ஆல்ட், எஃப்1 தட்டினால் மெனு திறக்கும். பத்து வருடம் முன்பு இருந்த இடத்தில்தான் இன்றும் எல்லாம் இருக்கிறது. அழகாக இல்லை என்று பார்வையுள்ள நண்பர்கள் குறைப்படுவார்கள். எனக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, லிப்ரெஆபிஸ் அலுவலகத் தொகுப்பு, தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மூன்றும் ஓர்காவோடு தாராளமாக ஒத்துப்போகின்றன. இணையப் பக்கத்தில் தலைப்புக்கு 'எச்', இணைப்புக்கு 'கே' என்று என்.வி.டி.ஏ.வில் பழகிய விரல்கள் இங்கும் வேலை செய்யும். ஒரே ஒரு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். என்.வி.டி.ஏ.வில் இன்ஸர்ட்டோடு ஸ்பேஸ் தட்டினால் பக்கத்தை வாசிக்கும் பிரவுஸ் மோடும் படிவத்தில் தட்டும் ஃபோகஸ் மோடும் மாறும். ஓர்காவில் அதே விசைகள் செட்டிங்ஸைத் திறந்துவிடும். மோடு மாற்ற இன்ஸர்ட்டோடு 'ஏ' தட்ட வேண்டும். முதல் மாதம் ஒரு நாளைக்குப் பத்து முறை செட்டிங்ஸைத் திறந்து மூடுவீர்கள். இன்ஸர்ட்டோடு 'எச்' தட்டினால் கற்றல் முறை வரும். எந்த விசை என்ன செய்யும் என்று அங்கே தட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

குரல் நின்றால்? ஆல்ட், எஃப்2 தட்டி, காதில் ஒன்றும் விழாவிட்டாலும் ஓர்கா என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு ஹைஃபன், ரீப்ளேஸ் என்று எழுதி என்டர். பத்தில் எட்டு முறை எழுந்துவிடும். எழவில்லை என்றால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 தட்டி எழுத்து முனையத்துக்குப் போகலாம்; பேச்சோடு நிறுவிய டெபியனில் அங்கே வேறொரு குரல் பேசும். ஆக இங்கும் இரண்டு குரல் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே சவுண்டு கார்டுக்குச் சண்டை போட்டுக்கொள்வதும் உண்டு, அந்த நேரத்தில் இரண்டும் ஊமை.

அந்த ஊமை நேரத்துக்கு உண்மையான மருந்து, திரையில் உள்ளதை விரலால் தடவிப் படிக்கத் தரும் பிரெயில் டிஸ்ப்ளே. அதை இயக்கும் பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்ற மென்பொருள் 1995 முதல் இருக்கிறது. சவுண்டைச் சார்ந்தது அல்ல. ஆர்பிட் ரீடர் 20 போன்ற சிறிய டிஸ்ப்ளே கையில் இருந்தால் பக்கத்து வீட்டுப் பையனை நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம். இதில் ஒரு வேடிக்கை: உபுண்டு என்ற வினியோகத்தின் 22.04 பதிப்பில், ஆர்டுயீனோ என்ற மின்னணுப் பலகைகளில் வரும் ஒருவகை யு.எஸ்.பி. சிப்பை பிரெயில் டிஸ்ப்ளே என்று நினைத்து இந்த மென்பொருள் பிடித்துக்கொண்டது. "பி.ஆர்.எல்.டி.டி.ஒய்.யை நீக்கிவிடுங்கள்" என்று இணையமெங்கும் தீர்வு எழுதிவைத்தார்கள். நமக்கு அதை நீக்கினால் திரையைக் கழற்றி எறிந்ததற்குச் சமம். யாரோ சொன்ன கட்டளையை ஒட்டும் முன் அது எதை நீக்குகிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மறைமுகச் செலவு பெரும்பாலும் நேரம்தான். மெஷினை இயக்கியதும் முதலில் வரும் பயாஸ் திரைக்குப் பேசத் தெரியாது. பென்டிரைவிலிருந்து பூட் செய்ய அந்த ஒரு நிமிடத்துக்கு யாராவது வேண்டும், அல்லது பார்த்துச் சொல்லி உதவும் பி மை ஐஸ் போன்ற செயலியில் போன் கேமராவைத் திரைக்கு நேராகப் பிடிக்க வேண்டும். மிகப் புதிய லேப்டாப்களில் சவுண்டு உடனே வேலை செய்யாமல் போகலாம். குரோம் போன்ற குரோமியம் வகை உலாவிகள் சில நேரம் அணுகல்தன்மையை (ஸ்க்ரீன் ரீடருக்கான வசதியை) வலிய இயக்கச் சொல்லிக் கட்டளை கேட்கும்.

இன்னொரு செலவு ஆள் பற்றாக்குறை. ஓர்காவைத் தொடங்கியவர் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த மார்க் முல்கேஹி, அவரும் பார்வையற்றவர். 2006-இல் க்னோமோடு சேர்ந்தே வரத் தொடங்கியது. 2010-இல் சன்னை ஆரக்கிள் வாங்கியபின் அங்கிருந்த அணுகல்தன்மைக் குழு சுருங்கியது. பிறகு நெடுங்காலம் ஜோன்மேரி டிக்ஸ் என்ற ஒருவரின் தோளில்தான் பெரும்பாரமும் நின்றது. பெரிய பெரிய டெஸ்க்டாப்கள் ஆளுக்கொரு திசையில் மாறும்போது பின்னாலேயே ஓடிச் சரிசெய்ய இரண்டு கை போதுமா என்று யோசித்துப் பாருங்கள். பிழை சொன்னால் நேரே எழுதியவரே பதில் போடுவார் என்பது இதே நிலைமையின் நல்ல பக்கம்.

## உபுண்டு, ஃபெடோரா: புதிய க்னோம்

இந்த வினியோகங்களில் ஆல்ட், சூப்பர் (விண்டோஸ் விசை), எஸ் தட்டினால் ஓர்கா வரும். லாகின் திரையிலும் வரும். பென்டிரைவில் சோதித்துப் பார்க்க இதைவிட எளிது எதுவும் இல்லை.

சிக்கல், திரையையும் விசைகளையும் கையாளும் புதிய முறையான வேலாண்டில். பழைய எக்ஸ்11 முறையில் எந்த மென்பொருளும் எல்லா விசைத்தட்டலையும் ஒட்டுக்கேட்கலாம். உளவு மென்பொருளுக்கு அது திறந்த வாசல், எனவே வேலாண்ட் அதை மூடியது. அதே வாசல் வழியாகத்தான் ஸ்க்ரீன் ரீடரும் உள்ளே வந்துகொண்டிருந்தது. வேலாண்டில் கேப்ஸ் லாக்கை ஓர்கா விசையாக வைத்தவர்கள் அதனால் நெடுநாள் அவதிப்பட்டார்கள். 2025 மார்ச்சில் வந்த க்னோம் 48-இல்தான் ஓர்காவின் விசைகளுக்கு முறையான வழி கிடைத்தது. டெபியன் 13-இல் இருப்பதும் க்னோம் 48. உபுண்டு 24.04-இல் இருப்பது 46; அங்கே லாகின் செய்யும்போது எக்ஸ்11 அமர்வைத் தேர்ந்துகொள்வது நல்லது. உபுண்டு 25.10-இல் க்னோமுக்கு அந்த அமர்வே இல்லை. திரும்பி ஓட வழியில்லாத வீட்டுக்குள் நுழையும்போது புதிய பதிப்பாகப் பார்த்து நுழையுங்கள், அவ்வளவே.

## பார்வையற்றோருக்கென்றே வந்த வினியோகங்கள்

கேரளத்தில் பள்ளிக் கணினிக் கல்வியே லினக்ஸில்தான் நடக்கிறது. அதனால் அங்கே பார்வையற்ற ஆசிரியர்களும் லினக்ஸுக்குப் பழக வேண்டியிருந்தது. அந்த மண்ணில் முளைத்ததுதான் உபுண்டு மாத்தேயை அடிப்படையாகக் கொண்ட ஆக்ஸஸிபிள் கோகனட். நிறுவியதும் ஓர்கா, படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் எழுத்துணரி, பிரெயில் தட்டச்சு எல்லாம் தயாராக இருக்கும். எஃப், டி, எஸ், ஜே, கே, எல் என்ற ஆறு விசைகளைப் பிரெயிலரின் ஆறு புள்ளிகளாக்கித் தட்டும் ஷாரதா பிரெயில் முறை எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளியில் பெர்கின்ஸ் பிரெயிலரில் பழகிய கை அங்கே போனதும் தானாக ஓடும்.

தமிழ்நாட்டிலும் 2011 முதல் அரசு கொடுத்த மாணவர் லேப்டாப்களில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்த பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு அதைத் திறந்து ஓர்காவை எழுப்ப யாராவது சொல்லிக் கொடுத்தார்கள்? பயிற்சி கொடுக்க ஆள் இல்லாமல் மென்பொருள் மட்டும் வந்தால் இப்படித்தான் ஆகும்.

இவ்வகை வினியோகங்களின் ஆயுள்தான் என் கவலை. பிரிட்டனில் தொடங்கிய வினக்ஸ் ஒரு காலத்தில் பார்வையற்றோர் லினக்ஸ் என்றாலே நினைவுக்கு வரும் பெயர், இன்று இல்லை. சோனார் அதோடு இணைந்தது, அதுவும் போயிற்று. கிளாஸ் க்னோப்பர் தன் பார்வைக் குறைபாடுள்ள மனைவி ஆட்ரியானேயின் பெயரையே வைத்து தன் க்னோப்பிக்ஸ் வினியோகத்துக்குள் ஒரு பேசும் டெஸ்க்டாப் செய்தார். இப்படிச் செய்பவர் ஒரு சிலர். அவர்கள் களைத்தால் வினியோகமும் களைத்துவிடும். தொடங்கிப் பழக இவை நல்லவை. பத்து வருடச் சேமிப்பை வைக்க டெபியன் போன்ற பெரிய வீடு பாதுகாப்பானது.

## கறுப்புத் திரையிலேயே வாழ்வது

நிரலாளர்களும் சர்வர் வேலை பார்ப்பவர்களும் டெஸ்க்டாப்பே இல்லாமல் வாழலாம். முனையத்தில் எல்லாமே எழுத்து. நமக்காக யாரும் எதையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. கர்னலுக்குள்ளேயே இருக்கும் ஸ்பீக்அப் என்ற ஸ்க்ரீன் ரீடர், 2020-இல் 5.9 பதிப்பில் சோதனைப் பகுதியிலிருந்து முறையான இடத்துக்கு வந்தது. புனேயில் வளர்ந்து, பதினான்கு வயதில் பார்வை இழந்த டி.வி. ராமன் 1995-இல் வெளியிட்ட ஈமாக்ஸ்பீக் இன்றும் உயிரோடு இருக்கிறது. அது திரையை வாசிப்பதில்லை. ஈமாக்ஸ் என்ற உரைத் திருத்திக்குள் நடப்பதை அதன் பொருளறிந்து பேசுகிறது. ஆனால் ஈமாக்ஸ் ஒரு தனி ஊர். குடியேறினால் முழுதாகக் குடியேற வேண்டும்.

இந்தப் பாதையில் தமிழ் பலியாகும். லினக்ஸ் எழுத்து முனையத்தின் எழுத்துருவில் 512 வடிவங்களுக்கு மேல் இடமில்லை, தமிழ் அங்கே சரியாக வராது.

நடுப்பாதை ஒன்று உண்டு. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். போட்டு லினக்ஸ் கட்டளைகளை என்.வி.டி.ஏ.வின் குரலிலேயே கேட்பது. கல்லூரியில் லினக்ஸ் பாடம் இருக்கும் மாணவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். குரல் விண்டோஸுடையது, எனவே லினக்ஸை நீங்கள் எவ்வளவு குழப்பினாலும் ஊமையாக மாட்டீர்கள்.

## தமிழ்

விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஈ-ஸ்பீக் தமிழ் பேசும். தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுவது போல இருக்கிறது என்று முதல் நாள் முகம் சுளிப்பீர்கள். மூன்றாம் மாதம் வேகத்தை ஏற்றி, பார்வையுள்ளவர் பக்கத்தைப் புரட்டும் முன் படித்து முடிப்பீர்கள். ஒரே ஒரு குறிப்பு: ஆங்கிலக் குரலை வைத்துக்கொண்டு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் எழுத்து எழுத்தாக முணுமுணுக்கும். தமிழ்க் குரலை வைத்தால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களை அதுவே ஆங்கிலத்தில் வாசித்துக்கொள்ளும். விண்டோஸில் கூடுதலாக வள்ளுவர் என்ற இயல்பான குரல் உண்டு. நாவல், கட்டுரை என்று மணிக்கணக்கில் தமிழ் கேட்பவர்களுக்கு இந்த ஒரு வேறுபாடே முடிவைத் தீர்மானிக்கலாம்.

தட்டுவதற்குத் தமிழ்99 விசைப்பலகை முறை இரண்டிலும் உண்டு. ஆங்கில ஒலிபெயர்ப்பில் தட்டிப் பழகியவர்கள் லினக்ஸில் கவனம்: பரிந்துரைப் பட்டியல் காட்டும் உள்ளீட்டு முறைகளில் அந்தப் பட்டியலை ஓர்கா படிக்காமல் விடலாம். தமிழ்99-இல் பட்டியலே கிடையாது. அடித்தது அடித்ததுதான்.

இரண்டு பக்கமும் சமமாக நம்மைத் தோற்கடிப்பது பழைய எழுத்துரு. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பில் கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரியும். உள்ளே இருப்பதோ ஜே, கே, பி, ஓ, செமிகோலன். ஸ்க்ரீன் ரீடர் உள்ளே இருப்பதைத்தானே வாசிக்கும்! 2010-இலேயே தமிழக அரசு யூனிகோடுக்கு ஆணையிட்டது. இன்றும் சுற்றறிக்கை ஒன்று வானவில் என்ற பழைய எழுத்துருவில் வந்து சேர்ந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மாற்றிகள் இரண்டிலும் கிடைக்கும். படமாக வந்தால் டெஸராக்ட் எழுத்துணரிக்குத் தமிழ் தெரியும். கோப்பு நூறு என்றால் லினக்ஸில் ஒரே கட்டளையை எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போகலாம்.

## ஒரே பார்வையில்

ஸ்க்ரீன் ரீடரில் கேட்பவர்களுக்கு: அட்டவணைக்குள் நகர என்.வி.டி.ஏ.வில் கண்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி; ஓர்காவில் ஆல்ட், ஷிஃப்ட், அம்புக்குறி.

| அளவுகோல் | விண்டோஸ், என்.வி.டி.ஏ. | டெபியன் மாத்தே, ஓர்கா | புதிய க்னோம் | எழுத்து முனையம் |
|---|---|---|---|---|
| குரலை மீட்பது | மிக எளிது, இரண்டு குரல் | முடியும், கட்டளை மனப்பாடம் வேண்டும் | முடியும், பதிப்பைப் பொறுத்தது | பிரெயில் இருந்தால் உறுதி |
| தனியாக நிறுவுதல் | முடியும் | மிக நன்று | முடியும் | டெபியன் வழியே நன்று |
| தமிழ் கேட்பது | வள்ளுவர், ஈ-ஸ்பீக் | ஈ-ஸ்பீக் | ஈ-ஸ்பீக் | ஏறக்குறைய இல்லை |
| அலுவலக மென்பொருள் | எல்லாம் | லிப்ரெஆபிஸ், உலாவி | லிப்ரெஆபிஸ், உலாவி | நிரலாக்கம், சர்வர் |
| பழைய மெஷின் | விண்டோஸ் 11 ஏறாது | 64-பிட் என்றால் ஓடும் | கொஞ்சம் கனம் | எதிலும் ஓடும் |
| உதவிக்கு ஆள் | ஊருக்கு ஊர் | மடல் குழுக்கள் | மடல் குழுக்கள் | மிகக் குறைவு |

## குறைபார்வை உள்ளவர்களுக்கு

மேலே சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு வேண்டியது பெரிதாக்கியும் நிறம் புரட்டலும். விண்டோஸ் மேக்னிஃபையரில் இரண்டும் சேர்ந்து வரும். லினக்ஸில் கே.டி.இ. பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப்பின் பெரிதாக்கமும் நிறம் புரட்டலும் வழுக்கிக்கொண்டு போகும். ஓர்காவுக்கு மாத்தேயைச் சொன்ன நானே இங்கே கே.டி.இ.யைச் சொல்கிறேன். க்னோமில் சூப்பர், ஆல்ட், 8 தட்டினால் திரை பெரிதாகும். பார்வை போகப் போகக் குறையும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், கண் உதவும்போதே ஸ்க்ரீன் ரீடருக்கும் விரலைப் பழக்கிவிடுங்கள்.

## யாருக்கு எது

வங்கி, அரசு அலுவலகம், டாலி பார்க்கும் கணக்கு வேலை: விண்டோஸ். டாலிக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. டிஜிட்டல் கையொப்பச் சாதனங்களும் பெரும்பாலும் விண்டோஸை நினைத்தே செய்யப்படுகின்றன. அலுவலகத்தில் என்ன இருக்கிறதோ அதில்தான் கை ஓட வேண்டும், அங்கே கொள்கைக்கு இடமில்லை.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இப்போது மாறாதீர்கள். தேர்வு முடியட்டும்.

மின்னஞ்சல், இணையம், எழுத்து, யூடியூப் மட்டும் போதும், மெஷின் பழசு, புதிது வாங்கக் காசில்லை: டெபியன் மாத்தே. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு இதைத்தான் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வருடமாக அவர் என்னைக் கூப்பிட்டது மூன்றே முறை, அதில் ஒன்று பொங்கல் வாழ்த்துக்கு.

நிரலாளர், முக்கியமாக சர்வர் பக்கம் போக நினைப்பவர்: முதலில் டபிள்யூ.எஸ்.எல்., பிறகு தனி மெஷினில் டெபியன். ஏற்கெனவே கேரளப் பள்ளிச் சூழலில் பழகியவர், அல்லது அங்கே நண்பர்கள் இருப்பவர்: ஆக்ஸஸிபிள் கோகனட்டிலேயே தொடங்கலாம். கையில் காசு இருந்து, இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு மேக் இருக்கிறது. வாய்ஸ்ஓவர் என்ற ஸ்க்ரீன் ரீடர் 2005 முதல் அதனுள்ளேயே வருகிறது. பேச்சு நன்றாக இருக்கும், விலையும் நன்றாகவே இருக்கும்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால் உங்கள் விண்டோஸை அழிக்காதீர்கள். உபுண்டுவைப் பென்டிரைவில் போட்டு, ஆல்ட், சூப்பர், எஸ் தட்டி ஒரு வாரம் அதிலேயே மின்னஞ்சல் பாருங்கள். ஒரு நாள் வேண்டுமென்றே ஓர்காவை நிறுத்திவிட்டு, யாரையும் கூப்பிடாமல் திரும்ப எழுப்பிப் பாருங்கள். எழுப்ப முடிந்தால் டெபியனை நிறுவலாம். கூடவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி. சவுண்டு கார்டு ஒன்றை வாங்கி வையுங்கள். லேப்டாப்பின் சவுண்டு விழுந்த அன்று அதைச் செருகினால் பல நேரம் குரல் திரும்பிவிடும். என்னுடையது மேசை இழுப்பறையில், இடது மூலையில், ரப்பர் பேண்டு சுற்றிக் கிடக்கிறது.